அடியில் ஒட்டிய லிப்ஸ்டிக்கில் லிப் பாம்: டெல்லி வாசகர் கேள்வி - பதில்

டிசம்பர் பிறந்தாலே டெல்லித் தமிழ் வாசகர்களின் கடிதங்களில் உதடு வெடிப்பு வந்துவிடும். இந்த முறை பாதிக் கடிதங்கள் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: டிராயரில் கிடக்கும் பழைய லிப்ஸ்டிக், உதட்டில் பளபளக்கும் லிப் கிளாஸ், கன்னத்துக்கான பிளஷ் எல்லாவற்றையும் போட்டு வீட்டிலேயே லிப் பாம் செய்யலாமா? செய்யலாம். ஆனால் உதட்டுக்கென்று விற்ற பழையதிலிருந்து நிறத்தை மட்டும் எடுங்கள். மெழுகும் எண்ணெயும் புதிதாக வாங்குங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் இருக்கும்.

நாலைந்து லிப்ஸ்டிக் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை. அளவோடு செய்முறை சொல்லுங்களேன்.
- வாசகி, ஆர்.கே. புரம்

20 கிராமுக்குக் கணக்கு தருகிறோம். பத்து கிராம் டப்பா இரண்டு நிறையும்.

தேன்மெழுகு 3 கிராம், ஷியா பட்டர் (ஷியா மரக் கொட்டைக் கொழுப்பு) 4, தேங்காய் எண்ணெய் 3, விளக்கெண்ணெய் 4, பாதாம் எண்ணெய் 5, சுரண்டி எடுத்த லிப்ஸ்டிக் 1 கிராம். இது விரலால் தொட்டுப் பூசும் டப்பாவுக்கு. திருகி ஏற்றும் குச்சி டியூபில் ஊற்றுவதானால் தேன்மெழுகை 5 ஆக்கிப் பாதாம் எண்ணெயை 3 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். கரண்டி அளவு இங்கே உதவாது. ஒரு ஸ்பூன் சீவிய மெழுகும் ஒரு ஸ்பூன் மணிமணியான மெழுகும் ஒரே எடை வராது. நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் லிப்ஸ்டிக். மேல் பரப்பை டிஷ்யூவால் துடைத்து, ஒரு மெல்லிய அடுக்கைச் சீவி எறிந்துவிடுங்கள். உதடு பட்ட இடம் அதுதான். பிறகு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தெளித்துக் காய விடுங்கள். காய்ந்ததும் டூத்பிக்கால் குழியிலிருந்து நோண்டி எடுக்கலாம். வெளியே தெரியாத அந்தக் குழியில் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கும்.

எடுத்ததை நேராக உருகிய மெழுகில் போடாதீர்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து வைத்த விளக்கெண்ணெயை விட்டு, லிப்ஸ்டிக்கை ஸ்பூனின் பின்பக்கத்தால் கட்டியில்லாமல் மசித்துக்கொள்ளுங்கள். நிறப்பொடியை நனைத்துப் பிரித்து வைப்பதில் விளக்கெண்ணெய்க்கு நிகர் அபூர்வம். பெரும்பாலான லிப்ஸ்டிக்குகளில் அது சேர்வதும் அதனால்தான். இந்த ஒரு நிமிட வேலையை விட்டுவிட்டால் பாமில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி நிற்கும்.

ஒரு வாணலியில் இரண்டு விரற்கடை தண்ணீர் வைத்து, சிம்மில் கொதி நிலைக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்துங்கள். அதற்குள் ஒரு எவர்சில்வர் டம்ளர். டம்ளர் துளிகூட ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். தேன்மெழுகை முதலில் போடுங்கள். 62 முதல் 65 டிகிரிக்குள் உருகும். அது தெளிந்ததும் ஷியா பட்டர், அடுத்து எண்ணெய்கள், கடைசியாக மசித்த லிப்ஸ்டிக். குளிர்ந்த எண்ணெய் பட்டவுடன் மெழுகு திரும்ப வெள்ளையாகத் திரளும். பயப்பட வேண்டாம், இரண்டு நிமிடத்தில் கரைந்துவிடும். நேரடி அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள். எண்ணெய் கருகினால் அந்த வாடை பாமை விட்டுப் போகாது.

இறக்குமுன் பாகு பதம் பார்ப்பதுபோல் ஒரு பதம் பாருங்கள். குளிர்ந்த ஸ்பூனில் ஒரு சொட்டு விட்டு ஃபிரிட்ஜில் மூன்று நிமிடம் வையுங்கள். விரலால் தேய்த்தால் இழுபடாமல் வழுக்க வேண்டும். கல்லாக இருந்தால் அரை ஸ்பூன் எண்ணெய், கூழாக இருந்தால் அரை கிராம் மெழுகு சேர்த்து மறுபடி பாருங்கள். ஊற்றிவிட்ட பிறகு திருத்துவதைவிட இது சுலபம்.

அடுப்பை அணைத்து, வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றைக் குத்தி ஐந்தாறு சொட்டு விடுங்கள். அது எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது. டம்ளரின் ஓரத்தில் பாலாடைபோல் மெல்லிய படலம் கட்டத் தொடங்கும்போது ஒருமுறை கலக்கி ஊற்றிவிடுங்கள். அதற்கு முன்னால் ஊற்றினால் நிறம் அடியில் தங்கும், பின்னால் ஊற்றினால் படிக்கட்டு படிக்கட்டாக உறையும்.

1 கிராம் லிப்ஸ்டிக்குக்கு லேசான சாயல்தான் வரும். இன்னும் நிறம் வேண்டுமென்றால் 2 கிராம் போடுங்கள், பாதாம் எண்ணெயில் ஒரு கிராம் குறையுங்கள். 4 கிராமைத் தாண்டினால் அது லிப் பாம் இல்லை, மென்மையான லிப்ஸ்டிக்.

செய்தேன். ஒன்று ரவை ரவையாக இருக்கிறது, இன்னொன்றில் நடுவில் பள்ளம். எங்கே தவறு?
- வாசகி, கரோல் பாக்

ரவை என்பது ஷியா பட்டர் செய்யும் வேலை. அதில் வெவ்வேறு சூட்டில் உறையும் கொழுப்புகள் உண்டு. மெதுவாக ஆறும்போது சீக்கிரம் உறைவது முதலில் தனியாக மணியாகிவிடும். சமையலறை மேடையில் வைத்து ஆற விட்டிருப்பீர்கள். மொத்தத்தையும் திரும்ப உருக்கி, 70-75 டிகிரியில் இருபது நிமிடம் வைத்திருந்து, ஊற்றியவுடன் ஃபிரிட்ஜில் இருபது நிமிடம் வையுங்கள். ஃப்ரீசர் வேண்டாம், விரிசல் விடும். ரவை வந்த பாம் கெட்டுப்போனதல்ல. விரல் சூட்டில் கரைந்துவிடும். பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

பள்ளத்துக்குக் காரணம் மெழுகு உறையும்போது சுருங்குவது. ஓரம் முதலில் உறையும், நடு கடைசியில் உறைந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். எப்போதும் ஒரு ஸ்பூன் கலவையை டம்ளரில் நிறுத்திவைத்து, மேற்பரப்பு மங்கியதும் அதைச் சூடாக்கி நடுவில் விட்டு நிரப்புங்கள்.

கூடவே நீங்கள் கேட்காத ஒன்று: மேலே முத்து முத்தாக எண்ணெய் வியர்த்தால் மெழுகு போதவில்லை என்று பொருள்.

வேலைக்குப் படிக்க வந்து பி.ஜி. விடுதியில் தங்கியிருக்கிறேன். அடுப்பு கிடையாது, மின்சாரக் கெட்டில் மட்டும். எனக்கும் ஏதாவது?
- வாசகி, ஓல்ட் ராஜேந்தர் நகர்

மெழுகை மறந்துவிடுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி 10 கிராம், சுத்தம் செய்த லிப்ஸ்டிக் அரை முதல் ஒரு கிராம், தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு. லிப்ஸ்டிக்கை அந்த நாலு சொட்டில் முதலில் மசியுங்கள். காபி மக்கில் பாதி அளவு கொதிநீரை ஊற்றி, அதற்குள் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை மிதக்க விட்டு, ஜெல்லியைப் போட்டு ஐந்து நிமிடம் கலக்குங்கள். நீர் ஆறினால் மாற்றுங்கள். கிண்ணத்தில் ஒரு துளித் தண்ணீர்கூடத் தெறிக்கக் கூடாது.

கெட்டிலுக்குள் எதையும் உருக்காதீர்கள். பிறகு டீயெல்லாம் ரோஜா வாசனைதான்.

டிராயரில் உடைந்த பிளஷ், ஐ ஷேடோ நிறைய இருக்கிறது. பொடித்துப் போட்டால் நல்ல நிறம் வருமே? குங்குமம் போடலாமா?
- வாசகி, மயூர் விஹார்

குங்குமம் முதலில். வேண்டவே வேண்டாம். கடைக் குங்குமத்திலும் செந்தூரத்திலும் ஈயம் கலந்திருப்பது பரிசோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிய வந்திருக்கிறது. உதட்டில் பூசியது சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போகும். நெற்றியில் இருப்பது அப்படிப் போகாது. கண் மை, நகப்பூச்சுக்கும் இதே பதில்.

ஐ ஷேடோவில் சிக்கல் நிறப்பொடியில். கண்ணுக்கு அனுமதித்த எல்லாம் உதட்டுக்கு அனுமதித்ததல்ல. அல்ட்ராமெரைன் நீலம் (அட்டையில் போடும் நிற எண் சி.ஐ. 77007), குரோமியம் ஆக்சைடு பச்சை (சி.ஐ. 77288), பிரஷ்யன் நீலம் (சி.ஐ. 77510) ஆகியவற்றை அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. உதட்டுப் பூச்சுக்கு அனுமதிப்பதில்லை. ஊதா, நீலம், பச்சை ஷேடோக்களில் இவை இருக்க வாய்ப்பு அதிகம். மினுமினுப்பில் இருக்கும் பிளாஸ்டிக் துகளும் உதட்டில் உராயும்.

பிளஷ்ஷில் நிறம் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடோ லிப்ஸ்டிக்கில் வருபவையோதான். ஆனாலும் அதில் பெரும்பகுதி டால்க், மைக்கா என்ற கனிமப் பொடிகள். எண்ணெயில் அவை கரையாது. அடியில் போய் உட்காரும், உதட்டில் மணல்போல் நெருடும். வெடித்த உதட்டுக்கு மணல் எதற்கு? உதட்டுக்கென்று விற்றதிலிருந்து மட்டுமே நிறம் எடுங்கள்.

எவ்வளவு பழைய லிப்ஸ்டிக் வரை எடுக்கலாம்?
- வாசகி, முனிர்கா

அட்டையிலோ அடியிலோ திறந்த டப்பா படத்துக்குள் 12எம், 24எம் என்று போட்டிருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் என்று பொருள். அதோடு பதிந்திருக்கும் காலாவதித் தேதியும் தாண்டியிருக்கக் கூடாது. தேதி அழிந்துபோயிருந்தால் முகர்ந்து பாருங்கள். பழைய மெழுகுக் கிரேயான் வாடையோ எண்ணெய்ச் சிக்கு வாடையோ வந்தால் குப்பை. மேலே வெள்ளைப் பூ, வியர்வை முத்து, பூஞ்சைப் புள்ளி இருந்தாலும் அப்படியே. உதட்டில் நீர்க்கொப்புளம் வந்த நாட்களில் பூசியதை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், தொடாதீர்கள். கல்யாண வீட்டில் நாலு பேர் பூசிக்கொண்டதும் அதே வகை.

உருக்கும் சூடே எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும் என்று சிலர் எழுதியிருந்தார்கள். 70 டிகிரியில் ஐந்து நிமிடம் என்பது கிருமிநீக்கம் ஆகாது.

எளிதில் அழியாத மேட் லிக்விட் லிப்ஸ்டிக், லிப் கிளாஸ் இவற்றையும் இதேபோல் உருக்கலாமா?
- வாசகி, ஜனக்புரி

கிளாஸ் சரி. பெரும்பாலும் பாலிபியூட்டீன் என்ற பிசுபிசுப்பான திரவமும் எண்ணெயும்தான். 20 கிராமுக்கு ஒரு கிராம் போட்டால் நல்ல பளபளப்பு. அதற்கு மேல் போனால் தலைமுடி உதட்டில் ஒட்டும்.

அழியாத லிக்விட் வேண்டாம். அதில் ஐசோடோடெகேன் என்ற ஆவியாகும் கரைப்பான் இருக்கும். தீப்பிடிக்கக்கூடியது, அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அது பறந்துபோன பின் மிஞ்சுவது உதட்டோடு ஒட்டும் ஒரு படலமும் சிலிக்கோனும். சிலிக்கோன் தாவர எண்ணெயோடு சேராது. நீங்கள் எவ்வளவு கலக்கினாலும் திரிந்த பால்போலப் பிரிந்து நிற்கும்.

ஃபவுண்டேஷன், பி.பி. கிரீம், சன்ஸ்கிரீன் இவையெல்லாம் பெரும்பாலும் தண்ணீரும் எண்ணெயும் கட்டிப்போட்ட கலவைகள். சூட்டில் கட்டு அவிழ்ந்துவிடும். சன்ஸ்கிரீனைக் கலந்தால் பாமுக்கும் எஸ்.பி.எஃப். என்ற வெயில் பாதுகாப்பு வந்துவிடும் என்பது தவறான கணக்கு. பத்தில் ஒரு பங்கு கலந்தால் பத்தில் ஒரு பங்கு பாதுகாப்புகூட உறுதியில்லை.

தேன், கற்றாழை, பீட்ரூட் சாறு சேர்த்தால் இன்னும் இயற்கையாக இருக்குமே?
- வாசகி, லோதி காலனி

மூன்றும் நீர்ச் சரக்கு. எண்ணெயில் கலக்கவே கலக்காது. தேன் அடியில் பாகாகத் தங்கும். பீட்ரூட் சாறு சிவப்புக் குமிழாக உருண்டு நிற்கும். கற்றாழை சேர்த்த பாமில் பதப்படுத்தும் பொருள் இல்லாததால் சில நாளிலேயே பூஞ்சை பிடிக்கலாம். இணையத்தில் வரும் அழகான பீட்ரூட் பாம் படங்களை நாலு நாள் கழித்து யாரும் போடுவதில்லை.

இயற்கை நிறம்தான் வேண்டுமென்றால் எண்ணெயில் கரையும் ஒன்று நமக்கு ஏற்கெனவே பழக்கம். ஊரில் தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயில் ஊறப்போடும் வேம்பாளம்பட்டைதான் அது. டெல்லியில் அந்தப் பெயரைச் சொன்னால் முழிப்பார்கள்; ரத்தன்ஜோத் என்று கேளுங்கள், காரி பாவோலியில் மசாலாக் கடையிலேயே கிடைக்கும். காஷ்மீரிகள் பலர் ரோகன் ஜோஷ் என்ற இறைச்சிக் குழம்புக்கு நிறம் கொடுப்பதும் இதைக் கொண்டுதான். 20 கிராம் பாதாம் எண்ணெய்க்கு அரை ஸ்பூன் பட்டை. வெந்நீரில் கிண்ணத்தை வைத்து அரை மணி சூடேற்றி, மெல்லிய மல் துணியில் இரண்டுமுறை வடிகட்டுங்கள். அந்த எண்ணெயில் ஒரு ஸ்பூனை மட்டும் பாமில் சேருங்கள். டப்பாவில் கருஞ்சிவப்பாகத் தெரிவது உதட்டில் மெல்லிய ரோஜா நிறமாகத்தான் விழும். முழங்கை உள்பக்கத்தில் இரண்டு மூன்று நாள் பூசிப் பார்த்துவிட்டு உதட்டுக்குக் கொண்டுபோங்கள். வாசனைக்கு இலவங்கப்பட்டை எண்ணெய் சேர்க்கும் ஆசையை மட்டும் விடுங்கள், எரிச்சலில் உதடு வீங்கலாம். பெப்பர்மிண்ட் என்றால் 20 கிராமுக்கு ஒரு சொட்டு. உதடு ஏற்கெனவே வெடித்திருந்தால் அதுவும் வேண்டாம்.

தேன்மெழுகு எங்கே கிடைக்கும்? கடைக்காரர் ஏமாற்றாமல் எப்படி வாங்குவது?
- வாசகர், கிழக்கு பட்டேல் நகர்

காரி பாவோலிக்குப் பக்கத்திலேயே திலக் பஜார். சோப்பு, வாசனைச் சரக்கு விற்கும் கடைகள் அங்கே. வெறுமனே ‘மோம்’ என்று கேட்டால் மெழுகுவர்த்தி மெழுகைக் கொடுத்துவிடுவார்கள், தவறு அவர்கள்மேல் இல்லை. ‘மதுமக்கீ கா மோம்’ என்று கேளுங்கள். நல்ல தேன்மெழுகு மஞ்சளாக, தேன் வாசனையோடு, கைச்சூட்டில் பிசைந்தால் களிமண்போல வளையும். பாரஃபின் என்ற மெழுகுவர்த்தி மெழுகு கலந்தது வழவழக்கும், கையில் உடைந்து உதிரும். காலி டப்பாக்களுக்கு சதர் பஜார்.

நாங்கள் சைவம். தேன்மெழுகும் வேண்டாம் என்கிறார் மாமியார்.
- வாசகி, பீதம்புரா

கேண்டலில்லா என்ற செடி மெழுகு கிடைக்கிறது. 68 டிகிரிக்கு மேல்தான் உருகும், இறுக்கம் அதிகம். தேன்மெழுகு 3 கிராம் போடும் இடத்தில் ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் போதும். மாமியாரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கும்: லிப்ஸ்டிக் அட்டையில் கார்மைன் அல்லது சி.ஐ. 75470 என்றிருந்தால் அந்தச் சிவப்பு கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து வருவது.

தொப்புளில் எண்ணெய் வைத்தால் உதடு வெடிக்காது என்கிறார் அத்தை.
- வாசகி, சரோஜினி நகர்

தொப்புள் மென்மையாகும். உதட்டுக்கு அத்தையின் இன்னொரு வைத்தியமான நெய்யே மேல். நெய்யில் நீர் அநேகமாக இல்லை, அதனால் எளிதில் கெடாது. வெண்ணெயில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு நீர் உண்டு, அதைப் பாமில் சேர்க்காதீர்கள். இரண்டு வாரம் எதைப் பூசியும் ஆறாவிட்டால், அல்லது பூசிய பிறகு அரிப்பு கூடினால், தோல் மருத்துவரிடம் போங்கள்.

ஜனவரியில் செய்தது மே மாதம் கைப்பையிலேயே உருகிவிட்டது. குளிர்காலத்தில் கட்டியாகவும் இருந்தது!
- வாசகி, துவாரகா

தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உருகும், உறையும். ஜனவரி டெல்லியில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டாதது, மே மாதம் தண்ணீராக ஓடும். டெல்லிக்கு ஒரே அளவு வருடம் முழுக்கப் பொருந்தாது. மே மாதத்துக்குத் தேன்மெழுகு 6 கிராம், தேங்காய் எண்ணெய் 1, பாதாம் எண்ணெய் 4, மற்றவை பழையபடி. ஷியாவுக்குப் பதில் கோகம் பட்டர் (கோகம் விதைக் கொழுப்பு) போட்டால் இன்னும் நிற்கும். அது 40 டிகிரியை ஒட்டித்தான் உருகும். பத்து பத்து கிராமாகச் செய்யுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்வதற்கில்லை.

பொங்கல் விழா ஸ்டாலில் விற்கலாமா?
- வாசகியர் குழு, மெஹ்ரோலி

பரிசாகத் தருவதானாலும், புதுச் சரக்கில் நிறமில்லாமல் செய்ததைத் தாருங்கள். நீங்கள் பூசிய லிப்ஸ்டிக்கை அடுத்தவர் உதட்டுக்குக் கொடுப்பது முறையல்ல. விற்பனை என்றால் 1940-ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனச் சட்டமும் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளும் வந்துவிடும். தயாரிப்பு உரிமம் இல்லாமல் விற்க முடியாது. ஸ்டாலுக்கு முறுக்கு போடுங்களேன்.

உருக்கிய டம்ளர் சோப்பு போட்டாலும் போகவில்லை.
- வாசகி, ஆர்.கே. புரம்

சூடு ஆறுவதற்குள் டிஷ்யூவால் அழுத்தித் துடைத்திருக்க வேண்டும். இப்போது டம்ளரைத் திரும்ப அதே வாணலி வெந்நீரில் வையுங்கள், மெழுகு இளகியதும் துடைத்து டிஷ்யூவைக் குப்பையில் போடுங்கள். அதன் பிறகு ஒரு சொட்டு எண்ணெய் தேய்த்து, சோப்பும் வெந்நீரும். எந்தக் காரணத்துக்காகவும் சிங்க்கில் கொட்டாதீர்கள். டெல்லிக் குளிரில் குழாய்க்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். அந்த டம்ளரை இனி இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அதில் காபி குடித்தால் நுரையோடு மெழுகும் வரும்.